கழுத்துக் குழாய் அடைத்துக்கொண்டால்

மூக்கு வழியாக இழுக்கும் காற்று நுரையீரலுக்குள் கொஞ்ச தூரம் போவதற்குள் 37 டிகிரி செல்சியஸ் சூட்டுக்கு வந்துவிடும். லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியும் அதில் ஏறியிருக்கும். மூக்கும் தொண்டையும் சேர்ந்து செய்துதரும் வேலை இது. டிரக்கியாஸ்டமி செய்யப்பட்ட நோயாளிக்கு இந்த ஏற்பாடு இல்லை. பல நாள், பல வாரம் வென்டிலேட்டரை நம்பியிருக்க வேண்டியவர்களுக்குக் கழுத்தின் முன்பக்கம் துளை போட்டு, குரல்வளைக்குக் கீழே நேராக மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைப் பொருத்துகிறார்கள். வாய்வழிக் குழாயைவிட இது நோயாளிக்குச் சௌகரியமானது, மயக்க மருந்தும் குறைவாகப் போதும். ஆனால் மருத்துவமனை ஆக்சிஜன் ஈரமே இல்லாத வாயு. அது மூக்கைத் தாண்டி நேரே உள்ளே போகிறது.

அந்த ஈரத்தை வெளியிலிருந்து கொடுக்காவிட்டால் சளி இறுகும். சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும் நுண்மயிர்களும் காய்ந்து வேகம் குறைந்துவிடும். தேங்கும் சளி குழாயின் உட்சுவரில் பொருக்காகப் படியும். 8 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட குழாயில் சுற்றிலும் ஒரே ஒரு மில்லிமீட்டர் பொருக்கு படிந்தால் விட்டம் 6 ஆகிறது. பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் சீரான ஓட்டத்தில் குழாயின் தடை, ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறும். கணக்குப் போட்டால் தடை மூன்று மடங்குக்கு மேல். பொருக்கு 2 மில்லிமீட்டர் ஆனால் 16 மடங்கு. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் திடீரென்று திணறுவதற்கு இந்தக் கணக்கே போதும்.

இதற்காகத்தான் பல குழாய்களுக்குள் கழற்றக்கூடிய உள்குழாய் ஒன்று இருக்கிறது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அதை உருவிச் சுத்தம் செய்யலாம், அடைத்துக்கொண்டால் நொடியில் எடுத்துவிடலாம். சில வகைகளில் வென்டிலேட்டரை மாட்டும் இணைப்பே உள்குழாயில்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டால் மெஷினை மாட்ட வழியில்லை. மாற்று உள்குழாய் ஒன்று படுக்கை அருகிலேயே கிடக்க வேண்டும் என்பது அதனால்தான்.

குழாயின் நுனிக்குச் சற்று மேலே கஃப் எனப்படும் சின்ன பலூன் இருக்கிறது. வென்டிலேட்டர் தள்ளும் காற்று வாய் வழியாகத் தப்பாமல் அது அடைத்துவைக்கிறது. அதன் அழுத்தம் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீர் அளவுக்குள் இருக்க வேண்டும். மிஞ்சினால் மூச்சுக்குழாயின் உட்சவ்வுக்கு ரத்தம் போவது தடைப்படும். கஃப் வீங்கியிருக்கும்போது குரல்நாண்களுக்குக் காற்று போகாது, அதனால் நோயாளிக்குக் குரலும் இல்லை. மூச்சு முட்டுகிறது என்று அவரால் கூப்பிட்டுச் சொல்லவே முடியாது.

பேசவைக்க ஒருவழி வால்வு ஒன்றை மாட்டுவார்கள். மூச்சை உள்ளே விடும், வெளியே விடாது. வெளிமூச்சு குரல்நாண் வழியாக மேலேறிப் பேச்சாகும். கஃப்பின் காற்றை இறக்காமல் இதை மாட்டினால் என்ன ஆகும்? காற்று உள்ளே போகும், வெளியே வர வழியே இல்லை. சில மூச்சுகளிலேயே உயிருக்கு ஆபத்து. எந்தப் பழுதும் இல்லாத இரண்டு கருவிகள் சேர்ந்து ஆளைக் கொல்லக்கூடிய இடம் இது.

இன்னொரு ஆபத்து, குழாய் இடம் மாறுவது. துளை போட்ட முதல் ஒரு வாரம், பத்து நாளுக்குள் அந்தப் பாதை உறுதிப்பட்டிருக்காது. நோயாளியைப் புரட்டும்போது குழாய் வெளியே வந்தால் திசுக்கள் மூடிக்கொள்ளும். பாதி வெளியே வருவது அதைவிட மோசம். கழுத்தில் பார்த்தால் குழாய் இருந்த இடத்தில்தான் இருக்கும், நுனியோ மூச்சுக்குழாய்க்கு வெளியே, சதைக்குள். அந்த நிலையில் செயற்கை மூச்சு கொடுக்கும் பையை அழுத்திக் காற்றடித்தால் தோலுக்கடியில் காற்று புகுந்து கழுத்தும் முகமும் உப்பும். கழுத்து பருத்தவர்களுக்குச் சாதாரண நீளக் குழாய் போதாமல் இப்படி நேர்வது அதிகம்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் தாமதமாகத்தான் சொல்லும். நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்த பிறகுதான் எண் இறங்கும். வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலையாக வரைந்து காட்டும் கேப்னோகிராஃப் அடுத்த மூச்சிலேயே சொல்லிவிடும். அலை படுத்துவிட்டால் முதலில் குழாயைச் சந்தேகிக்க வேண்டும், மெஷினை அல்ல. பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தெடிஸ்ட்ஸும் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டியும் நடத்திய தேசியத் தணிக்கையின் அறிக்கை 2011-ல் வெளியானது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுப்பாதைச் சிக்கலால் நேர்ந்த மரணங்களில் 70 சதவீதத்துக்கும் மேல், கேப்னோகிராஃப் பயன்படுத்தாததும் ஒரு காரணமாக இருந்திருக்கக்கூடும் என்றது அது.

அடைப்பு என்று சந்தேகம் வந்தால் ஆட்களைக் கூப்பிட்டுவிட்டு, முகத்துக்கும் கழுத்துத் துளைக்கும் ஒரே சமயத்தில் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். பேச்சு வால்வையும் உள்குழாயையும் எடுத்துவிட்டு, மெல்லிய சக்‌ஷன் குழாயை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். அது குழாயின் நுனியைத் தாண்டி லேசாக இறங்கினால் பாதை திறந்திருக்கிறது, சளியை உறிஞ்சிவிடலாம். இறங்காவிட்டால் கஃப்பின் காற்றை இறக்க வேண்டும், குழாயைச் சுற்றிக்கொண்டு மூச்சு போக வழி கிடைக்கலாம். அப்போதும் நோயாளி தேறவில்லையென்றால் குழாயையே உருவிவிட வேண்டும்.

என் பார்வையில் மனசு வராத கட்டம் இதுதான். உயிரைப் பிடித்துவைத்திருப்பதாக நினைத்த குழாயைத் தன் கையால் எடுக்க யாருக்கும் தயக்கம் வரும். ஆனால் நோயாளிக்குத் தேவை ஆக்சிஜன், குழாய் அல்ல. அடைபட்ட குழாய் வெறும் அடைப்பான். பெரும்பாலானவர்களுக்கு மூக்கும் வாயும் இன்னும் நுரையீரலோடு சேர்ந்தே இருக்கின்றன. துளையைக் கையால் மூடிக்கொண்டு முகமூடி வழியாகக் காற்று கொடுக்கலாம். குழந்தைகளுக்கான சின்ன முகமூடியைத் துளையின்மேல் வைத்தும் கொடுக்கலாம்.

குரல்வளையையே முழுதாக அகற்றியவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்களுடைய மூச்சுக்குழாய் கழுத்துத் தோலோடு தைக்கப்பட்டிருக்கும், வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது. முகத்தில் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் வீண்தான். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கழுத்துகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் பிரிட்டனின் தேசிய டிரக்கியாஸ்டமி பாதுகாப்புத் திட்டம் படுக்கையின் தலைமாட்டில் மாட்ட இரண்டு நிற அட்டைகளை வகுத்தது: மூக்கு, வாய் வழியாகவும் மூச்சுப்பாதை உள்ளவர்களுக்குப் பச்சை, இல்லாதவர்களுக்குச் சிவப்பு.