மீன்பாடு: 'கேட்ச்' என்பதற்குக் கடற்கரைச் சொல்

ஐரோப்பிய நாடுகளின் கடல்மீன் கணக்கைத் தமிழில் எழுதுவோர் 'கேட்ச்' என்ற தலைப்புக்கு 'மீன்பிடிப்பு' என்று போட்டுவிடுகிறோம். மீன்பிடிப்பு தொழிலின் பெயர். வலையில் வந்த மீனின் பெயர் அன்று. அதற்குக் கடற்கரையில் அன்றாடம் புழங்கும் சொல் மீன்பாடு. குமரி, தூத்துக்குடிப் பக்கம் கரையேறும் வள்ளத்தைப் பார்த்து "இன்னைக்குப் பாடு எப்படி?" என்றுதான் கேட்பார்கள்.

கெடு 'கேடு' ஆகிறது, சுடு 'சூடு' ஆகிறது. அப்படியே படு 'பாடு' ஆகிறது. வலையில் பட்டது பாடு. ஆங்கிலச் சொல் வந்த வழி வேறு. பிடிக்க முயல்வதைக் குறிக்கும் லத்தீனின் 'காப்டாரே', பழைய வட பிரெஞ்சின் 'கச்சியேர்' வழியாக 'கேட்ச்' ஆனது. துரத்துவதைச் சொல்லும் 'சேஸ்' அதே வேரில் கிளைத்தது. அங்கே வேட்டைக்காரன் முன்னால் நிற்கிறான். நம் சொல்லில் மீனும் வலையும் மட்டுமே. எனக்கு இது மிகவும் பிடித்த வேறுபாடு.

ஐரோப்பியப் புள்ளிவிவரத்தில் 'கேட்ச்' என்பதற்குத் திட்டமான பொருள் உண்டு: கரையில் இறக்கிய மீனை, முழு மீனாக இருந்தபோதைய எடைக்கு மாற்றிக் கணக்கிட்டது. நார்வே படகு தலையும் குடலும் நீக்கிய காட் மீனை ஒரு கிலோ இறக்கினால், கணக்கில் ஒன்றரைக் கிலோ ஏறும். கடலிலேயே திருப்பி வீசிய மீன் இதில் வராது. பண்ணையில் வளர்த்த சால்மனும் வராது. கப்பல் எந்த நாட்டுக் கொடியுடையதோ, அந்த நாட்டுக் கணக்கு. மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் ஸ்பெயின் கப்பலுக்குப் பட்ட சூரை மீன் ஸ்பெயினின் மீன்பாடே. துறைமுகத்தில் இறங்கியதை மட்டும் சொல்லும் 'லேண்டிங்' என்பதற்குக் 'கரையிறக்கம்' போதும்.

ஐரோப்பாவில் ரஷ்யாவை விட்டுப் பார்த்தால் மீன்பாட்டில் முதலிடம் நார்வேக்கு. 2018-ல் சுமார் 25 லட்சம் டன். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஸ்பெயின் முதலில் நிற்கிறது.

ஐஸ்லாந்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 2018-ல் சுமார் 12.6 லட்சம் டன். 2019-ல் சுமார் 10.5 லட்சம். கப்பலும் வலையும் அப்படியே இருந்தன. கேப்பலின் என்ற சிறுமீன் போதிய அளவு தென்படவில்லை என்று அந்த ஆண்டு அதைப் பிடிக்க அனுமதியே கொடுக்கவில்லை. குறைந்ததில் பெரும்பகுதி அதுதான். இதை 'மீன்பிடிப்பு குறைந்தது' என்று எழுதினால் கடலோடிகளின் கை தளர்ந்ததுபோல் தொனிக்கும். 'மீன்பாடு குறைந்தது' என்று எழுதினால், கடலில் மீன் குறைந்துபோனது என்று நம் கரையில் யாருக்கும் புரியும்.