குஃபுங்கிசிசா: ‘மன அழுத்தம்’ அல்ல, மறுகுதல்

ஜிம்பாப்வேயில் பாட்டிமார் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து மனநல ஆலோசனை சொல்வதைப் பற்றித் தமிழில் நிறையக் கட்டுரைகள் வருகின்றன. நல்லது. ஆனால் ‘குஃபுங்கிசிசா’ என்ற சொல் வந்ததும், பக்கத்திலேயே ‘அதாவது மன அழுத்தம்’ என்று எழுதிவிடுகிறார்கள். இது தவறு. அந்தச் சிகிச்சையின் அடிப்படையையே மறைக்கிற தவறு.

இது ஜிம்பாப்வேயில் பேசப்படும் ஷோனா மொழிச் சொல். ‘குஃபுங்கா’ என்றால் நினைத்தல். அதில் வரும் ‘கு’ நம்முடைய ‘தல்’ விகுதியின் வேலையைச் செய்கிறது. நடுவே ‘இசிச’ சேர்ந்தால் செயல் மிகுந்துபோனது என்று பொருள். ஆக, ஓயாமல் நினைத்துக்கொண்டே இருத்தல். வறுமை, சாவு, வீட்டுச் சண்டை, எச்.ஐ.வி. என எது துரத்தினாலும், அதையே நினைத்து நினைத்து மனமும் உடம்பும் கெடுகின்றன என்பது ஷோனா மக்களின் புரிதல். அவர்களுக்கு அது துயரத்தின் பெயர், துயரத்தின் காரணமும் கூட. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-5, 2013இல் இந்தச் சொல்லை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டது.

‘மன அழுத்தம்’ ஏன் ஆகாது? முதலில், அந்தச் சொல்லே நம்மிடம் நைந்து கிடக்கிறது. அலுவலகத்து வேலைப்பளுவுக்கும் அதுதான், மருத்துவர் மருந்து எழுதும் மனச்சோர்வுக்கும் அதுதான். இரண்டாவது, அழுத்தம் வெளியிலிருந்து வருவது. மனிதர் அதைத் தாங்குகிறவர் மட்டுமே. குஃபுங்கிசிசாவோ ஒரு வினை, மனம் தானே செய்வது. பெஞ்சில் நடக்கும் பேச்சின் முதல் படிக்கு ‘குவுரா ப்ஃபுங்வா’ என்று பெயர்: மனத்தைத் திறத்தல். ‘ப்ஃபுங்வா’ என்ற அந்த ‘மனம்’ பிறந்ததும் ‘ஃபுங்கா’விலிருந்துதான். நினைப்பில் முடிச்சு விழுந்தது, நினைப்பையே திறக்கிறார்கள். அழுத்தம் என்று எழுதினால் இந்த உறவு அறுந்துபோகிறது.

இன்னொரு கூட்டம் ‘மிகைச்சிந்தனை’ என்று ஆக்கியிருக்கிறது. ‘அதிசிந்தனை நோய்’ என்றும் பார்த்தேன். ஷோனாவைப் பாராமல் ஆங்கில விளக்கத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு இது. தமிழில் சிந்தனை உயர்ந்த பொருள் உடையது. சிந்தனையாளர் என்று பட்டம் கொடுக்கிறோம். ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் குழந்தையைப் பறிகொடுத்த தாய் செய்வது சிந்தனையா? ‘நோய்’ அதைவிட மோசம். ஆப்பிரிக்காவிலிருந்து எது வந்தாலும் நோய்ப்பட்டியலில் தள்ளிவிடும் பழைய பழக்கம் அது.

தமிழில் சொல் தயாராக இருக்கிறது: மறுகுதல். சுழலுதல், மனங்கலங்குதல் என இரண்டு பொருளும் அகராதியில் அதற்கு உண்டு. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும் நினைப்புக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘உள்ளுக்குள்ளேயே மருகிக்கிட்டு இருக்கா’ என்று இன்றும் பேசுகிறோம். (பேச்சிலும் கதைகளிலும் இடையின ‘ரு’ பரவலாகிவிட்டது, நான் வல்லின ‘று’வையே எழுதுவேன்.) ‘தல்’ விகுதி ‘கு’வுக்குச் சரியாக ஈடுகொடுக்கிறது. மிகுதியும் தெரிய வேண்டுமென்றால் ‘நினைந்து மறுகுதல்’ எனலாம்.

வெறும் சொல்லாசையில் இதைச் சொல்லவில்லை. இந்திய மனநல மருத்துவர் விக்ரம் படேல் 1990களில் ஹராரேயில் வேலை செய்தபோது, நோயாளிகளின் வாயிலிருந்தே துயரச் சொற்களைத் திரட்டித்தான் 14 கேள்விகள் கொண்ட ஷோனா அறிகுறிப் படிவம் உருவானது. முதல் கேள்வியே அதிகமாக யோசித்தீர்களா என்பதுதான். மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா தொடங்கிய பெஞ்சுத் திட்டமும் அந்தப் படிவத்தையே பயன்படுத்துகிறது. 24 மருத்துவ நிலையங்களில் 573 பேரைக் கொண்டு நடந்த அதன் ஆய்வு 2016இல் வெளியானது. பெஞ்சில் பேசியவர்களிடம் ஆறு மாதத்தில் அறிகுறிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. மக்கள் சொல்லிலிருந்து கட்டிய மருத்துவத்தை எழுதும்போது, முதலில் அந்தச் சொல்லையே அழித்துவிடுகிறார்கள் நம் மொழிபெயர்ப்பாளர்கள்.

இந்தத் திட்டத்தை ‘நட்பு பெஞ்ச்’ என்பதும் ஆங்கிலப் பெயரின் நகல்தான். ஷோனாவில் அது ‘சிகாரோ செகுபானமசானோ’: ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்ளும் இருக்கை. ‘கலந்துபேசும் பெஞ்சு’ என்று எழுதுங்கள்.