வீட்டில் படிக்கும் பிள்ளை எழுத மறுத்தால்

காட்பாடியிலிருந்து ஒரு அம்மா எட்டு வயதுப் பையனோடு வந்திருந்தார். கையில் பெரிய ஜவுளிக்கடைப் பை. உட்கார்ந்ததும் அதை என் மேசைமேல் கவிழ்த்தார். பயிற்சிப் புத்தகங்கள், மொத்தம் பதினொன்று. கையெழுத்துக்கு ஒன்று, இலக்கணத்துக்கு ஒன்று, கட்டுரைக்கு ஒன்று, ஆங்கில ஸ்பெல்லிங்குக்கு இரண்டு என்று போனது வரிசை. எதிலும் நாலு பக்கத்தைத் தாண்டி எழுத்து இல்லை.

"நல்லாத்தான் கீறான் மேடம். எதக் கேட்டாலும் டக்குன்னு பதில் சொல்றான். பென்சில எடுன்னா மட்டும் அழுவறான். அடுத்து எந்த புக் வாங்கட்டும்?"

நான் வேலூரில் குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். பிள்ளைகள் கையை எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எப்படி உட்காருகிறார்கள், பல் தேய்ப்பது முதல் எழுதுவது வரை அன்றாட வேலைகளில் எங்கே திணறுகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை. கொரோனாவுக்குப் பிறகு, பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்கள் என்னிடம் அதிகம் வருகின்றன. பெரும்பாலும் இதே கேள்விதான். (இங்கே சொல்லும் பிள்ளைகளின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்த அம்மாவிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். அடுத்த புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

எழுதுவது ஒரு வேலை மாதிரி தெரியும். உள்ளே பல வேலைகள் இருக்கின்றன. என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டும், யோசித்த வாக்கியம் மறந்துபோகாமல் மனதில் பிடித்து வைக்க வேண்டும், எந்த 'ல' என்று முடிவு செய்ய வேண்டும், அதைக் கை வரைய வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில். ஒன்றில் சிக்கினாலும் மொத்தமும் நின்றுவிடும். வெளியே பார்ப்பவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிள்ளைக்குப் பிடித்த விஷயம் ஒன்றை, கிரிக்கெட்டோ பூனையோ, ஒரு நிமிடம் பேசச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். மறுநாள் அதே விஷயத்தை ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் நாள், அச்சடித்த இரண்டு வரியைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். நிறையப் பேசி, பார்த்து எழுதுவதிலும் திணறினால் சிக்கல் கையிலோ கண்ணிலோ இருக்கலாம். பார்த்து எழுதுவது சுமாராக வந்து, சொந்தமாக எழுதும்போது மட்டும் நின்றால், எழுத்துக்கூட்டலிலோ வாக்கியத்தை நினைவில் வைப்பதிலோ சிக்கல். பேச்சே இரண்டு வரிதான் என்றால் எழுத்தை விடுங்கள், முதலில் பேச்சு வளரட்டும். இது வீட்டில் துப்புத் துலக்குவதற்கு மட்டும். நோயறிதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் எந்தப் புத்தகம் தேவை, எது தேவையில்லை என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும்.

கண் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். சோம்பேறி என்று பேர் வாங்கிய பிள்ளைக்குக் கண்ணாடி போட்டதும் வரி நேரானதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பையனை எழுதச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பென்சிலின் மேல் கட்டைவிரலைக் குறுக்கே மடக்கிப் போட்டிருந்தான். ஆள்காட்டி விரல் நுனி வெளுக்கும் அளவுக்கு அழுத்தம். தாளின் பின்பக்கத்தைத் தடவினால் எழுத்து கையில் தட்டுப்பட்டது. கால் தரையைத் தொடாமல் தொங்கியது. மூன்றாவது வரியில் தலை மேசையில் சாய்ந்துவிட்டது. அந்த மூன்று வரிக்கே அவன் கை ஓய்ந்து போயிருந்தது. அவனுக்கு முதலில் தேவைப்பட்டது கால் வைக்க ஒரு முக்காலி. அப்புறம் விரல் நீளமே உள்ள பென்சில் துண்டு. துண்டுப் பென்சிலை முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல்கள் தானாக முன்னே வந்துவிடும். கூடவே சுவரில் மாட்டிய கரும்பலகையில் சாக்பீஸ். நின்றுகொண்டு, கையைத் தூக்கி எழுதும்போது மணிக்கட்டும் தோளும் வலுப்பெறும். சப்பாத்தி மாவு பிசைவது, துணி பிழிவது, பாட்டியோடு கோலம் போடுவது எல்லாமே இந்தக் கணக்கில் பாடம்தான்.

இடது கைப் பிள்ளையாக இருந்தால் "பீச்சாங்கையில எழுதாதே" என்று மாற்றப் பார்க்காதீர்கள். தாளைக் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்து வைத்துக் கொடுத்தால் போதும்.

தமிழ் எழுத்துக்கென்று சில சிக்கல்கள் உண்டு. வெளிநாட்டுப் பாடத்திட்டம் எதுவும் இதைச் சொல்லித்தராது. 'கொ' என்று எழுத வேண்டும். காதில் முதலில் விழுவது 'க்', பிறகுதான் 'ஒ'. ஆனால் கை முதலில் கொம்பைப் போட்டு, பிறகு க போட்டு, பிறகு கால் போட வேண்டும். கேட்ட வரிசை ஒன்று, எழுதும் வரிசை வேறு. கு, சு, டு, து எல்லாவற்றிலும் உகரம் ஒன்றுதான், ஆனால் உருவம் வேறு வேறு. 247 எழுத்தையும் அட்டவணையாகச் சுவரில் ஒட்டி, மேலிருந்து கீழ் எழுது என்றால் திணறும் பிள்ளை அங்கேயே உட்கார்ந்துவிடும். ட, ப, ம என்று நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்குங்கள். புள்ளியும் சேர்ந்தால் படம், பட்டம், மடம் என்று உடனே சொல் கிடைக்கும். வளைவுகள் பிறகு வரட்டும்.

குடியாத்தத்தில் ஒரு வீட்டில் பாட்டிதான் தமிழ் சொல்லிக்கொடுத்தார். புத்தகத்தில் ஒரு 'லை', பாட்டியின் கையில் தும்பிக்கை போட்ட பழைய 'லை'. தமிழ்நாட்டு அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் பள்ளியில் படித்தவர் அவர். குழந்தை எது சரி என்று தெரியாமல் லை வரும் இடமெல்லாம் காலியாக விட்டிருந்தாள். பாட்டிக்குப் புது வடிவத்தைக் காட்டிய அன்றே அது சரியாகிவிட்டது.

சரி, பாடத்திட்டத்துக்கு வருவோம். அடித்தளமாக ஒன்று போதும். தமிழ்நாடு அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தொடக்க வகுப்புகளுக்குப் பருவம் பருவமாகப் பிரித்திருப்பதால் ஆண்டைத் திட்டமிட வசதி. மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களும் இணையத்தில் இலவசம்தான். எட்டு வயது என்றால் எல்லாப் பாடமும் மூன்றாம் வகுப்பாக இருக்க வேண்டியதில்லை. கணக்கு நான்காம் வகுப்பும் எழுத்து முதல் வகுப்புமாக இருக்கலாம். வீட்டில் படிப்பதன் பெரிய வசதியே அதுதான், அதைக் கைவிடாதீர்கள். ஆனால் எழுத்து வரவில்லை என்பதற்காக அறிவியலையும் வரலாற்றையும் சேர்த்து முதல் வகுப்புக்கு இறக்காதீர்கள். நான் பார்ப்பதில் பிள்ளைகளை அதிகம் காயப்படுத்துவது இந்தத் தவறுதான். கை மெதுவாக நடப்பதற்காக யோசனையும் கூடவே நொண்ட வேண்டுமா?

ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை செய்பவரின் மகன், பத்து வயது. அம்மா அவனை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போய், 1806 ஜூலை 10 சிப்பாய் எழுச்சியைச் சொல்லியிருக்கிறார். நெற்றியில் குறி இடாதே, தாடியை எடு, தோல் வைத்த புதுத் தலைப்பாகையை அணி என்று வந்த உத்தரவுகள், கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகள், அன்று விடிவதற்குள் நடந்தவை. வீட்டுக்கு வந்து பையன் போனில் ஏழு நிமிடம் பேசினான். அம்மா அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே எழுதினார். அதில் அவனுக்குப் பிடித்த ஒரே ஒரு வாக்கியத்தை அவனே பார்த்து எழுதினான்: "தொப்பியில் தோல் வைத்ததால் சிப்பாய்களுக்குக் கோபம் வந்தது." நாலு நிமிடம் ஆனது. அழவில்லை, ஏனென்றால் அது அவனுடைய வாக்கியம்.

பிறகு கேட்டானாம், "அந்தத் தோலு எந்தக் கம்பெனில போட்டது?" அடுத்த வாரப் பாடம் அதிலிருந்தே வந்தது. முடியை நீக்கச் சுண்ணாம்பு, பதனிட அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, இப்போது பெரும்பாலும் குரோமியம் உப்பு, அந்தக் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று அப்பாவே சொல்லிக்கொடுத்தார். வேதியியல், சுற்றுச்சூழல் இரண்டும் ஒரே பேச்சில் வந்துவிட்டன. எழுத்து மறுபடியும் ஒரு வாக்கியம்தான். மூன்று மாதத்தில் அது மூன்று வாக்கியமானது.

நாளை ஒழுங்குபடுத்த மணி அட்டவணை தேவையில்லை. ஒரு பிளாஸ்டிக் கூடையில் அந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வையுங்கள், மீதியைப் பரணில் ஏற்றிவிடுங்கள். பதினொரு புத்தகம் கண்முன் இருந்தால் பிள்ளைக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும் மலைப்புதான். எழுத்து வேலையைக் காலையிலேயே, பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். நம்மூர்ச் சித்திரை வெயிலில் மத்தியானம் இரண்டு மணிக்கு எழுது என்றால் பெரியவர்களுக்கே கை ஓடாது. பேச்சும் வாசிப்பும் சாயங்காலம் நடக்கட்டும். வாரக் கடைசியில் தேதி போட்டு ஒரு தாளை ஃபைலில் வையுங்கள். ஆறு மாதம் கழித்துப் பிள்ளைக்கே காட்ட அது உதவும்.

தேர்வை நினைத்துப் பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்குப் பன்னிரண்டரை வயது நிறைய வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடங்கள், ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுத வேண்டியதில்லை. ஓவியம் போலச் செய்முறை அதிகமுள்ள பாடத்தையும் எடுக்கலாம். கற்றல் குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால், சொல்வதை எழுத ஒருவரையும் கூடுதல் நேரத்தையும் கேட்க வழியுண்டு. குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றவை. ஆகவே எட்டு வயதில் மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கையைப் பழக்க வேண்டாம். பன்னிரண்டு வயதுக்கு மேல் நேரம் வைத்து எழுதப் பழக்கலாம். டைப்பிங்கையும் அதற்குள் சொல்லிக்கொடுங்கள்.

இவ்வளவும் செய்து ஆறு மாதத்தில் மாற்றம் இல்லை, கை வலிக்கிறது என்கிறது, எழுத்துகள் மாறி மாறி விழுகின்றன என்றால் குழந்தை நல மருத்துவரிடமோ சிறப்புக் கல்வியாளரிடமோ எங்களைப் போன்றவர்களிடமோ அழைத்து வாருங்கள். அந்த போன் பதிவையும் ஃபைலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். கிளம்பும்போது "உன் கையெழுத்தச் சரிபண்ணத்தான் போறோம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லி அழைத்துவந்த பிள்ளைகள் என் அறைக்குள் நுழையும்போதே கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறார்கள்.