டேஷ்போர்டு: சேற்றைத் தடுத்த பலகை

டேஷ்போர்டு என்ற சொல் காருக்கு மூத்தது. குதிரை வண்டிக் காலத்தில் பிறந்தது. ஆங்கிலத்தில் ‘டேஷ்’ என்றால் மோதுதல், தெறித்தல், வாரியடித்தல் என்றெல்லாம் பொருள் உண்டு. ஓடுகிற குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறும் கல்லும் வண்டியோட்டியின் மேல் படக் கூடாதென்று, அவர் காலுக்கு முன்னால் ஒரு மரப்பலகையையோ தோல் தடுப்பையோ நிறுத்தினார்கள். அதுதான் டேஷ்போர்டு. 1840களிலேயே இந்தச் சொல் ஆங்கிலத்தில் புழங்கியது.

கார் வந்தபோது குதிரை போய்விட்டது, பலகை மட்டும் தங்கிவிட்டது. 1901இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் காரின் பெயரே ‘கர்வ்டு டேஷ்’. முன்பக்கப் பலகை சறுக்குவண்டியின் மூக்குபோல வளைந்திருந்ததால் வந்த பெயர். எஞ்சின் இருக்கைக்கு அடியில் இருந்தது. ஆகவே அந்தப் பலகையில் ஒரு மீட்டரைக்கூடப் பார்க்க முடியாது. பழைய வேலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனால் அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1891இல், பிரான்சில் பான்ஹார் - லெவாசோர் கூட்டாளிகள் எஞ்சினை முன்னுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். குதிரை நின்ற இடத்தில் எஞ்சின். இந்த அமைப்பு பரவப் பரவ, பலகை சேற்றுக்குப் பதிலாகச் சூட்டையும் எண்ணெயையும் தடுக்க ஆரம்பித்தது. ஓட்டுநரின் கண்ணெதிரே சும்மா நிற்கிற பலகையை யார் விடுவார்கள்? எண்ணெய் சொட்டுவதைப் பார்க்கும் கண்ணாடிக் குழாய், சுவிட்சு, கடிகாரம், வேகமானி என்று ஒவ்வொன்றாக அதன்மேல் ஏறின. பிறகு இவற்றுக்கென்று தனிப் பலகை வந்தது. பெயர் அந்தப் புதுப் பலகைக்குப் போய்விட்டது. தடுப்பு வேலையைத் தொடர்ந்து செய்த பழைய சுவருக்கு ‘ஃபயர்வால்’, ‘பல்க்ஹெட்’ என்று வேறு பெயர்கள் ஒட்டிக்கொண்டன.

பழைய காரை மீட்டெடுப்பவர்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. தொடக்ககாலக் கார்களின் கையேட்டில் ‘டேஷில் பொருத்தவும்’ என்று வந்தால், அது எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே நிற்கும் சுவராகவே இருக்கலாம். இன்னொரு சிக்கல், பிரிட்டிஷ் கையேடுகள் டேஷ்போர்டை ‘ஃபேசியா’ என்று சொல்லும். பட்டை என்ற பொருளுள்ள லத்தீன் சொல் அது. கடை முகப்பில் பெயர் எழுதும் பலகைக்கும் அங்கே அதே பெயர்தான். உதிரிபாகம் தேடும்போது இரண்டு பெயர்களையும் போட்டுத் தேடாவிட்டால் பாதிப் பொருள் கண்ணில் படாது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘கட்டுப்பாட்டுப் பலகை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது தொழிற்சாலை இயந்திரத்துக்குத்தான் பொருந்தும். ‘கருவிப் பலகை’ நல்ல சொல். ஆனால் வேகமானியும் எரிபொருள் முள்ளும் இருக்கிற பகுதியை மட்டுமே அது குறிக்கும். கண்ணாடிக்குக் கீழே இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை நீள்கிற முழுப் பாகத்துக்கும் ‘முகப்புப் பலகை’ என்பதே என் தேர்வு. அதற்குள் ஒரு பகுதி கருவிப் பலகை. கையுறை வைப்பதற்காக வந்த சின்ன அறைக்குக் ‘கையறை’ போதும். பேச்சு வழக்கில் அந்த அறையைத்தான் டேஷ்போர்டு என்கிறோம். “பேப்பரெல்லாம் டேஷ்போர்டுல இருக்கு, எடு” என்றால் யாரும் வேகமானியைத் தொடுவதில்லை.

சங்கப் பாடல்களில் தேருக்கு முன்னே தாமரை மொட்டு வடிவில் ஓர் உறுப்பு வரும். தேரில் இருப்பவர் கையால் பிடித்துக்கொள்வது. அதன் பெயர் கொடிஞ்சி. டேஷ்போர்டுக்கு இதைச் சூட்டலாமே என்று ஆசை வரத்தான் செய்கிறது. ஆனால் அது பிடி, இது பலகை. விட்டுவிடலாம்.

முகப்புப் பலகை எதனால் ஆனது என்பதைப் பொறுத்து வேலை முழுக்க மாறும். இரும்புத் தகடு என்றால் துரு நீக்கி வர்ணம் பூசுவதோடு பெரும்பகுதி முடிந்தது. அமெரிக்காவில் 1930களில் வந்த பல கார்களில் மரம் போலத் தெரிவது மரமே இல்லை, தகட்டின்மேல் ஏற்றிய மரக்கோலம். அதை உப்புத்தாளால் தேய்த்தால் கோலமே போய்விடும்.

உண்மையான மரத்திலும் உப்புத்தாளுக்கு அவசரம் கூடாது. ஜாகுவார் மார்க் 2 போன்ற கார்களில் மேலே தெரிகிற வால்நட் மரம், ஒட்டுப்பலகைமேல் ஒட்டிய ‘வினீர்’ என்ற மெல்லிய மரச் சீவல்தான். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாது. வெடித்திருப்பது பெரும்பாலும் வார்னிஷ்தான், அடியில் மரம் நன்றாகவே இருக்கும். வார்னிஷை மட்டும் பொறுமையாகக் கழற்றினால் பலகை பிழைக்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே மரத்திலிருந்து அடுத்தடுத்துச் சீவிய ஏடுகளைப் புத்தகம் விரித்தாற்போல ஒட்டியிருப்பார்கள், இடது பக்கக் கோலம் வலது பக்கம் கண்ணாடிப் பிம்பமாக வரும். ஒரு துண்டை மட்டும் புதிதாக ஒட்டினால் பார்த்ததும் தெரிந்துவிடும்.

மூன்றாவது வகை, மெத்தை வைத்த பலகை. விபத்தில் தலை மோதினால் அடி குறைய வேண்டும் என்ற யோசனையில் வந்தது. அமெரிக்காவில் 201ஆம் எண் பாதுகாப்பு விதி 1968 ஜனவரி 1 முதல் காரின் உட்புறம் மோதலைத் தாங்கும் விதத்தைக் கட்டாயத்துக்குள் கொண்டுவந்தது. அடியில் நுரை, மேலே வினைல் தோல். வினைலை இளக்கமாக வைத்திருப்பது அதில் கலந்துள்ள எண்ணெய் போன்ற ஒரு பொருள். வெயிலில் அது மெல்ல ஆவியாகிவிடும். முன்கண்ணாடியின் உட்புறம் மங்கலாகப் படிகிற பசபசப்பில் அதற்கும் பங்குண்டு. மிச்சமிருக்கும் வினைல் சுருங்கி, இறுகி, ஒலிபெருக்கித் துளையின் ஓரத்தில் முதலில் வெடிக்கும். பளபளப்புக்காக அடிக்கிற சிலிக்கான் தெளிப்பு வெடிப்பை ஆற்றாது. பின்னால் வர்ணமோ பசையோ பிடிக்காமல் செய்துவிடும், அவ்வளவுதான்.

கருவிப் பலகையைக் கழற்றும் முன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். முதுமையில் ஒயர் உறை அப்பளமாக நொறுங்கும். மிகப் பழைய கருவிகளில் இருட்டில் ஒளிரும் எழுத்து ரேடியம் பூச்சாக இருக்கலாம், சுரண்டவே கூடாது. 1960களின் பிரிட்டிஷ் கார்களில் எரிபொருள் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தாற்போல அதிகமாகக் காட்டினால் இரண்டையும் குறை சொல்ல வேண்டாம். இரண்டுக்கும் சராசரி 10 வோல்ட் கொடுக்கிற சின்ன மின்னழுத்தச் சீராக்கிக்கு எர்த் சரியாகக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்த சொல், ‘டிரிம்’. கதவு அட்டை, கூரைத் துணி, தூண் உறை, ஓரப்பட்டை எல்லாம் இதில் அடக்கம். அலங்காரம் என்று பெயர்க்கிறார்கள். அது பாதிதான். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லின் வேருக்கு உறுதியாக்கு, ஒழுங்காக நிறுத்து என்று பொருள். தமிழில் ‘அணி’ என்ற சொல்லிலும் இதே இணைப்பு உண்டு. நகையும் அணி, படை வரிசையும் அணி. அதனால் காரின் உட்புற டிரிமுக்கு ‘உள்ளணி’ என்று வைத்தால் கச்சிதமாக உட்காரும். வேலையிலும் அது வெறும் அலங்காரமில்லை. கதவுக் கண்ணாடியோடு மழைநீர் உள்ளே இறங்குவது இயல்பு, கீழேயுள்ள துளை வழியாக வெளியே போய்விடும். அந்த நீர் அட்டையில் படாமலிருக்க நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பார்கள். அதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புது அட்டை மாட்டினால், அந்த அட்டையும் ஊறி உப்பிக்கொண்டு வரும்.

இருக்கை வேலைக்கு ஆங்கிலத்தில் ‘அப்ஹோல்ஸ்டரி’. பழைய பொருள்களைப் பழுதுநீக்கி விற்றவர்களை இடைக்கால இங்கிலாந்தில் ‘அப்ஹோல்டர்’ என்றார்கள், அதிலிருந்து வந்தது. தமிழில் ‘குஷன் வேலை’ என்றாலே எல்லோருக்கும் புரியும். எழுத்தில் ‘மெத்தை வேலை’ எனலாம்.

கடைசியாக ‘ரெஸ்டோரேஷன்’. புதுப்பித்தல் என்ற சொல் இங்கே பொருந்தாது. முகப்புப் பலகையைப் பிளாஸ்டிக் பளபளப்போடு புதிதாக்குவதும் புதுப்பித்தல்தானே. காரை முதலில் எப்படி வெளிவந்ததோ அந்த நிலைக்குக் கொண்டுபோவதற்கு ‘மீட்டமைப்பு’ என்பதே சரி. அந்த முதல் நிலையின் நிறம் என்ன என்று தெரிய, கதவு அட்டையின் மடித்த விளிம்பையோ, சாம்பல் கிண்ணத்தின் பின்புறத்தையோ, இருக்கைச் சட்டத்துக்கு அடியில் மறைந்த துணியையோ பாருங்கள். வெயில் படாத அந்தத் துண்டை வைத்துத்தான் சாயமும் துணியும் வாங்க வேண்டும்.