இரவுப் படத்தில் தலைகீழாகத் தோன்றும் விளக்குகள்

பாலம் ஒன்றை இரவில் படமெடுத்த வாசகர் ஒருவர், விளக்குகளுக்கு எதிர்ப்புறத்து வானத்தில் அதே வரிசை மங்கலான பச்சையில் தலைகீழாகத் தெரிவதாக எழுதி, லென்ஸ் பழுதாகிவிட்டதா என்று கேட்டிருந்தார். லென்ஸில் பழுதில்லை, அதன் முன்னால் பாதுகாப்புக்காகத் திருகியிருந்த தட்டையான கண்ணாடித் தகடான ஃபில்டர்தான் காரணம்.

எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பிவிடுகிறது. இரு பரப்புகளுக்குமாக 8 சதவீதம். இனி நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தொலைவிலுள்ள விளக்கின் ஒளி இணைகதிர்களாக வந்து லென்ஸால், படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரில் ஒரு புள்ளியாகக் குவிகிறது. பளபளப்பான சென்சார் அதில் சிறு பங்கைத் திருப்பியனுப்ப, இருட்டில் பூனையின் கண் மின்னுவதைப் போல, அது லென்ஸ் வழியே வந்த திசையிலேயே மீண்டும் இணைகதிர்களாக வெளியேறுகிறது. அங்கே தட்டையான ஃபில்டர் முகம் பார்க்கும் கண்ணாடி போல நின்று அதை உள்ளே அனுப்பும்போது, அந்த ஒளி எதிர்ப்புறத்தில் இன்னொரு விளக்கு இருந்தால் எப்படி வருமோ அப்படியே வருகிறது. லென்ஸுக்கு வேறுபாடு தெரியாது. அதையும் கூர்மையாகக் குவித்துவிடுகிறது. லென்ஸின் வளைந்த பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் பரவி மங்கிவிடும். தட்டையான பரப்பு மட்டுமே இப்படித் தெளிவான போலி பிம்பத்தைத் தருகிறது. இதை ஆவியின் ஒளி என்று பரப்புவோரிடம், ஃபில்டரைக் கழற்றி அதே படத்தை மறுபடி எடுக்கச் சொன்னாலே போதும்.

சென்சார் 5 சதவீதத்தைத் திருப்புவதாகக் கொண்டால், போலி பிம்பம் விளக்கைவிட 250 மடங்கு மங்கலாக இருக்கும். இருண்ட வானத்தைவிட விளக்கு பல்லாயிரம் மடங்கு ஒளிர்வதால், அந்த மங்கலும் கண்ணில் படுகிறது. பல அடுக்குப் பூச்சுள்ள ஃபில்டரில் ஒரு பரப்பின் எதிரொளிப்பு அரை சதவீதம் அளவுக்குக் குறையும். அப்போது பிம்பம் இன்னும் 8 மடங்கு மங்கும். டிஜிட்டல் சென்சாரின் முன்புறத்திலேயே புற ஊதா ஒளியைத் தடுக்கும் அடுக்கு இருப்பதால், அதே வேலைக்கான யுவி ஃபில்டரின் பயன் இன்று பாதுகாப்பு மட்டுமே. அதற்காக மலிவான, பூச்சில்லாத கண்ணாடியை நல்ல லென்ஸின் முன் வைப்பது வீண் என்பதே என் கருத்து.

மங்கிப்போன பழைய கண்ணாடி, புதியதைவிட அதிக ஒளியைக் கடத்துவதை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே 1886-இல் கவனித்தார். மேலே படிந்த மெல்லிய படலமே காரணம். இன்றைய பூச்சும் அதுதான்: மெக்னீசியம் ஃபுளோரைடு என்றால் சுமார் 100 நானோமீட்டர் தடிமன், அதன் இரு எல்லைகளில் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். விரல் ரேகையின் எண்ணெயும் ஒரு படலமே என்றாலும், அது சீரற்றது. பூச்சின் கணக்கைக் கெடுத்து, ஒளியைச் சிதறடித்து, படம் முழுவதும் வெளிறிய திரையைப் படரவிடுகிறது. பூச்சுள்ள ஃபில்டரில் கறை எடுப்பாகத் தெரிவதும், சுற்றியுள்ள பரப்பு அவ்வளவு குறைவாக மின்னுவதால்தான்.

சுத்தம் செய்யும்போது முதலில் காற்றூதும் கருவியான ப்ளோயரால் ஊத வேண்டும். தூசியிலுள்ள குவார்ட்ஸ் துகள் கண்ணாடியைவிடக் கடினமானது என்பதால், ஊதாமல் துடைத்தால் துணியே அரமாகிவிடும். பிறகு லென்ஸ் திரவத்தைக் கண்ணாடியில் ஊற்றாமல் மைக்ரோஃபைபர் துணியில் ஓரிரு துளி விட்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வட்டமாகத் துடைக்கலாம். ஃபில்டரைக் கழற்றி, லென்ஸைப் பார்த்திருக்கும் பின்பரப்பையும் மறக்காமல் துடைக்க வேண்டும். அங்கே மெல்ல மெல்லப் படியும் மென்படலம், விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.