காரில் வாக்கி டாக்கி வைத்திருந்தால் வழக்கு வருமா?

மாம்பழ சீசனில் ஒரு நாள் சாயங்காலம் போன் வந்தது. ஓசூரிலிருந்து அஞ்செட்டி வழியாக இரண்டு காரில் ஒகேனக்கல் போன குடும்பம். திரும்பி வரும்போது வாகனத் தணிக்கையில் டேஷ்போர்டில் இருந்த வாக்கி டாக்கியைப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். "காட்டு ரோட்டில் டவர் இருக்காதேன்னு ஆன்லைன்ல வாங்கினேன் சார். பில்கூட இருக்கு. விக்கிறது தப்பில்லைன்னா வச்சிருக்கிறது எப்படித் தப்பாகும்?"

விற்றதிலும் தப்பு உண்டு. உரிமம் தேவைப்படும் செட்டுகளை அதைச் சொல்லாமலே விற்கிறார்கள் என்றுதான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, வழிகாட்டு நெறிமுறைகளையும் வெளியிட்டது. ஆனால் அதை வைத்து வாங்கியவர் தப்பிக்க முடியாது. பில் என்பது உரிமம் இல்லை.

1933-ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமமோ விலக்கோ இல்லாமல் டிரான்ஸ்மிட்டரை (ஒலிபரப்பும் கருவி, வாக்கி டாக்கியும் அதில் சேரும்) வைத்திருப்பதே குற்றம். பேசியிருக்க வேண்டும் என்றில்லை, ஆஃப் செய்து டிக்கியில் போட்டிருந்தாலும் அதேதான். மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம்தானே என்று சிரிப்பவர்கள் உண்டு. கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துப் பார்த்தால் தெரியும். இன்னொன்று, ஒருவரின் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் செட் இருந்தாலே அது அவர் வசம் இருந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம். "மச்சான் வச்சுட்டுப் போயிட்டான்" என்பதைக் கார்க்காரர்தான் நிரூபிக்க வேண்டிவரும். இந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்கு வரும் 2023 தொலைத்தொடர்புச் சட்டம் 2024 ஜூன் முதல் படிப்படியாக அமலாகி வருகிறது.

சரி, உரிமமே வேண்டாத செட் இல்லையா? இருக்கிறது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அரை வாட்டுக்கு மிகாத செட்டுக்கு, குறைந்த சக்தி ரேடியோ கருவிகளுக்கான 2018 விதிகள் விலக்குத் தருகின்றன. ஆனால் அந்த மாடலுக்கு ஈ.டி.ஏ. எனப்படும் உபகரண வகை ஒப்புதல் இருக்க வேண்டும்.

என் கட்சிக்காரர் இதை எங்கோ படித்துவிட்டு, "நான் 446-லதான் சார் வச்சிருந்தேன்" என்றார். அவருடைய செட் ஐந்து வாட். 136 முதல் 174 வரையும், 400-க்கு மேலும் எங்கே வேண்டுமானாலும் திருப்பலாம். போலீஸ் மைக்கின் அலைவரிசைப் பக்கம்கூட போகும். விலக்கு அந்த அரை வாட் 446 செட்டுக்கே தவிர, நீங்கள் திருப்பி வைத்திருக்கும் சேனலுக்கு இல்லை.

ஹாம் உரிமம் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவோருக்கான உரிமம்) உள்ளவர் தன் செட்டைக் காரில் கொண்டுபோகலாம், உரிமம் கையில் இருக்கட்டும். ஆனால் அதில் வியாபாரம் பேசக் கூடாது, உரிமம் இல்லாத நண்பரிடம் கொடுத்து அனுப்பவும் கூடாது. நம் ஊர் கிரானைட் குவாரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: கம்பெனி வாங்கிய உரிமம் அதில் குறிப்பிட்ட பகுதிக்குத்தான். மேனேஜர் செட்டைக் காரில் போட்டுக்கொண்டு பெங்களூர் போவது அதில் வராது.

தணிக்கையில் நிறுத்தினால் பதற்றத்தில் சேனலை அழிக்காதீர்கள், அது வேறு சந்தேகத்தைக் கிளப்பும். பில்லையும் பெட்டியையும் எடுத்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போடும் முன் மகஜரில் (பறிமுதல் செய்ததை எழுதும் பதிவில்) மாடல் பெயரும் சீரியல் எண்ணும் சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் குடும்பத்து மகஜரில் "வயர்லெஸ் கருவி 2" என்று மட்டும்தான் இருந்தது. எத்தனை வாட், எந்த மாடல் என்பதைக் காட்ட பில்லைத் தேடி எடுப்பதற்குள் இரண்டு வாய்தா போய்விட்டது.