புரோக்னோசிஸ்: தமிழில் என்ன சொல்வது?

"டாக்டர் நாள் குறிச்சுட்டாரா?" சென்னையில் எந்த மருத்துவமனை வராந்தாவிலும் காதில் விழுகிற கேள்வி. புரோக்னோசிஸ் என்பதைப் பலரும் இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள்.

கிரேக்கத்தில் 'புரோ' முன்னால், 'க்னோசிஸ்' அறிவு. வடமொழி வழியாக நமக்கு வந்த 'ஞானம்' இதற்கு ஒன்றுவிட்ட உறவு. டயக்னோசிஸ் வந்திருப்பது என்ன நோய் என்று சொல்லும். புரோக்னோசிஸ் அது எப்படிப் போகும் என்று சொல்லும்.

மைலோஃபைப்ரோசிஸை எடுத்துக்கொள்வோம். எலும்பு மஜ்ஜையில் நார் படர்ந்து, ரத்த உற்பத்தி கெடும் நாள்பட்ட நோய். இந்த நோய் எப்படிப் போகும் என்று மதிப்பெண் போட்டுச் சொல்ல 2009-இல் வந்த ஐபிஎஸ்எஸ் (IPSS) கணக்கு ஐந்தே விஷயம் பார்க்கிறது: வயது 65-க்கு மேலா, ஹீமோகுளோபின் 10-க்குக் கீழா, வெள்ளையணுக்கள் 25,000-க்கு மேலா, ரத்தத்தில் முதிராத பிளாஸ்ட் அணுக்கள் 1 சதவீதமாவது உண்டா, காரணமில்லாத காய்ச்சலோ வியர்வையோ எடைக்குறைவோ இருக்கிறதா. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். முதல் நான்கும் ரிப்போர்ட்டிலேயே இருக்கும். ஐந்தாவதில்தான் நம்மூரில் வம்பு. மே மாதத்தில் "ராத்திரி வேர்க்குதா?" என்று கேட்டால் இல்லை என்று யார் சொல்வார்? "பனியனை மாத்துற அளவுக்கா? ஒரு மாசமா விடாமலா? மார்கழியிலயும் இருந்துச்சா?" என்று துருவித்தான் கேட்க வேண்டும்.

மதிப்பெண் 3 அல்லது அதற்கு மேல் என்றால், நோய் கண்டறிந்ததிலிருந்து இடைநிலை ஆயுள் (median) 27 மாதம். பூஜ்யமென்றால் 135 மாதம். இந்த 27 கெடு அல்ல. அந்தக் குழுவில் பாதிப்பேர் அதைத் தாண்டியும் இருந்தார்கள் என்றே பொருள். அதுவும் இந்த நோய்க்கான ருக்ஸோலிட்டினிப் மாத்திரை 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெறுவதற்கு முந்தைய நோயாளிகளின் கணக்கு.

தமிழுக்கு வருவோம். சித்த மருத்துவத்தில் 'சாத்தியம், அசாத்தியம்' உண்டு; ஆனால் அது தீருமா தீராதா என்பதோடு நின்றுவிடும். பாடநூல் தமிழில் 'முன்கணிப்பு' புழங்குகிறது. மழைக்கும் தேர்தலுக்கும் அதே சொல்தான் என்பதால் நோயாளியிடம் பேச எனக்கு அது ஒட்டவில்லை. மதிப்பெண் போடும் வேலைக்கு முன்கணிப்பு இருக்கட்டும். புரோக்னோசிஸுக்கு 'நோய்ப்போக்கு' என்பேன். போக்கு மாறக்கூடியதுதானே. ஐபிஎஸ்எஸ்ஸை அடுத்து 2010-இல் வந்த டிஐபிஎஸ்எஸ் (DIPSS) முறையில், நோய் கண்டறிந்த அன்று மட்டுமல்ல, சிகிச்சையின் நடுவில் எப்போது வேண்டுமானாலும் மதிப்பெண்ணைத் திரும்பப் போடலாம். "இப்போ நோய்ப்போக்கு எப்படி இருக்கு, டாக்டர்?" என்று ஒவ்வொரு ரிவ்யூவிலும் கேட்கலாம்.